வாசகர் கேள்வி – பதில்: அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி

குண்டுவீச்சு விமானம் ஓட்டிய தந்தையர் விட்டுச்சென்ற பொருள்களை என்ன செய்வது என்று கேட்டு இம்முறை ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. முதல் கடிதத்துக்கான பதில் மற்றவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும் என்பதால் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் தந்தை இந்திய விமானப்படையில் கான்பரா குண்டுவீச்சு விமானத்தின் விமானியாக இருந்தார். 1971 போரின்போது நாங்கள் புனேயில் குடியிருந்தோம். சென்ற ஆண்டு தம் 82-ஆம் வயதில் காலமானார். பதவியும் பெயரும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதப்பட்ட அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். இரண்டு லாக் புக், ஒரே பட்டையில் கோத்த பதக்கங்கள், நீலச் சாம்பல் நிறக் கம்பளிச் சீருடை, பிசுபிசுத்துப் போன ஆக்ஸிஜன் முகமூடி, தோல் கையுறை, ஒரு சின்ன திசைகாட்டி, அம்மாவுக்கு எழுதிய இன்லேண்ட் கடிதங்கள், கான்பராவுக்கு முன் எடுத்த குழுப் புகைப்படம் ஆகியவை இருந்தன. ஒரு பவுடர் டப்பாவுக்குள் பழைய செய்தித்தாளில் மடித்த, கட்டைவிரல் நகமளவு உலோகத் துண்டு ஒன்றும் இருந்தது. விமானத்தில் பட்ட துண்டு என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னதாக நினைவு. எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்கிறான் தம்பி. அம்மாவுக்கு வயது 77. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, சேலையூர்

பதில்: தம்பியின் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் துடைக்கும் துணியை அவரிடமிருந்து முதலில் வாங்கி வைத்துவிடுங்கள். பெட்டி இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே, எந்தப் பொருள் எதன் மேல் இருந்தது என்பது தெரியும்படி, மேலிருந்து ஒவ்வோர் அடுக்காகப் புகைப்படம் எடுங்கள். உங்கள் தந்தை எதை எதோடு சேர்த்து வைத்தார் என்பதே ஒரு செய்தி. ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டால் அந்தச் செய்தி திரும்பக் கிடைக்காது. பிறகு சாதாரணப் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, அளவு, நிலை, எங்கே இருந்தது, யார் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். சட்டைப் பைகளையும் பாருங்கள். பழைய சீருடைப் பைகளில் ரயில் டிக்கெட், மெஸ் பில், மடித்த சீட்டு எதுவும் இருக்கலாம். கிடைப்பதை எந்தப் பையிலிருந்து எடுத்தீர்கள் என்பதோடு எழுதி வையுங்கள்.

அடுத்து அம்மா. பெட்டியில் உள்ள எந்தப் பொருளையும்விட அவசரம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஒரு நாளைக்கு ஒரு பொருள், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதை அவர் கையில் கொடுத்து, கைப்பேசியில் குரல் பதிவை ஓடவிட்டு, அவர் போக்கில் பேசவிடுங்கள். ‘போரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘எனக்கு என்ன தெரியும்’ என்பார். ‘அந்த டிசம்பரில் குவார்ட்டர்ஸில் சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினீர்களா, அப்பா எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் போவார்’ என்று கேட்டால் பேசுவார். குழுப் புகைப்படத்தின் மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்துத் தலைகளின் கோட்டுருவத்தை மட்டும் மெதுவாக வரைந்துகொண்டு, தாளை எடுத்த பிறகு எண் போட்டு, அம்மாவுக்குத் தெரிந்த பெயர்களைத் தனித் தாளில் எழுதுங்கள். படத்தின் பின்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதவே கூடாது. அந்த அழுத்தம் முன்பக்கம் மேடாகத் தெரியும், மையும் நாளடைவில் ஊறி வரும். எழுதியே ஆக வேண்டுமென்றால் மென்மையான 2பி பென்சிலால், ஓரத்தில் மட்டும்.

இனி லாக் புக். விமானியின் பொருள்களில் முதுகெலும்பு என்று இதைத்தான் சொல்ல வேண்டும். தேதி, விமான வகை, விமானத்தின் எண், உடன் சென்றவர், பணி, பகல் நேரம், இரவு நேரம் என்று ஒவ்வொரு பறத்தலும் ஒரு வரியாக ஏறியிருக்கும். மாத இறுதியில் கூட்டுத்தொகையும் மேலதிகாரியின் கையெழுத்தும் இருக்கும். 1971 டிசம்பர் 3 முதல் 17 வரையிலான வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள். கான்பரா விமானங்கள் அந்தப் போரில் பெரும்பாலும் இரவில்தான் அனுப்பப்பட்டன என்பதால் இரவு நேரப் பத்தியில் எண்கள் கூடியிருக்கும். விமான எண் ‘ஐ.எஃப்.’ என்று தொடங்கினால் அது இந்தியாவுக்கென்று வாங்கிய கான்பரா வகையின் வரிசை. ‘உடன் சென்றவர்’ பத்தியை மட்டும் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். குண்டுவீச்சுக் கான்பராவில் இருந்தவர்கள் இரண்டே பேர். விமானி இடப்பக்கமாக ஒதுங்கிய கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டர் அவருக்குக் கீழே, மூக்குப் பகுதிக்குள் இருப்பார். விமானியின் இருக்கை ஆபத்தில் வெளியே எறியப்படக் கூடியது. நேவிகேட்டருக்கு அந்த வசதி இல்லை. அப்படியென்றால் உங்கள் தந்தையின் லாக் புக்கில் உள்ள ஒவ்வொரு போர் இரவுக்கும், இன்னொருவர் வீட்டில், இன்னொரு லாக் புக்கில், அதே தேதியும் அதே விமான எண்ணும் கொண்ட ஒரு வரி இருந்திருக்கிறது. அந்தப் பெயரை அம்மாவிடம் கேளுங்கள். அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடிந்தால் உங்கள் பெட்டியின் பாதிப் புதிர்கள் அங்கே அவிழக்கூடும்.

லாக் புக்கை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்காதீர்கள். கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் ஐம்பது வருடத் தையல் விட்டுப்போகும். இரண்டு துண்டுகளைச் சுருட்டி இருபக்கமும் வைத்து, புத்தகம் முழுக்கப் படுத்துவிடாமல் பாதி திறந்த கதவைப் போல நிற்கும்படி தாங்கக் கொடுத்து, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் நேர் மேலிருந்து எடுங்கள். வெற்றுப் பக்கங்களையும் அட்டையையும் விடாதீர்கள். சிவப்பு மையில் எழுதிய வரிகள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பழைய சிவப்பு மைகள் பெரும்பாலும் சாய மைகள்; ஈரம் பட்டால் கரையும், வெளிச்சத்தில் வெளுக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்தபடி கண்ணாடி அலமாரியில் வைத்தால், பார்வையாளர்கள் விரும்பிப் பார்க்கும் அந்த வரிதான் முதலில் அழியும். அலமாரிக்குப் பிரதி போதும்.

கடிதங்களை மடிப்பு நீக்கித் தட்டையாக, தேதி வரிசையில் வையுங்கள். ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த குண்டூசியையும் எடுத்துவிடுங்கள். குண்டூசி ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல், இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி மெதுவாக நெகிழ்த்துங்கள். முகவரிப் பக்கம் கடிதத்தைப் போலவே முக்கியம். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை எழுத முடியாத அந்தக் காலத்தில் ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்ற படைத்துறை அஞ்சல் எண்களே முகவரி. பொதுவாக முன்னது மேற்கையும் பின்னது கிழக்கையும் குறிக்கும். பதக்கங்களில் பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை, பூர்வி ஸ்டார் இருந்தால் கிழக்கு முனை. அஞ்சல் எண், நட்சத்திரப் பதக்கம், லாக் புக் வரி மூன்றும் ஒன்றையொன்று உறுதிசெய்தால் தேதி இல்லாத கடிதத்துக்கும் ஏறத்தாழ ஒரு தேதி கிடைத்துவிடும்.

பதக்கங்களைத் தேய்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு என் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. தரைப்படையில் இருந்த என் பெரியப்பாவின் பதக்கத்தை ஆயுத பூஜைதோறும் புளி போட்டுத் தேய்த்து, விபூதியால் மெருகேற்றி, பூ வைப்பது சிறுவனாக இருந்த என் பொறுப்பு. நான் கல்லூரிக்குப் போகும்போது பதக்கம் கண்ணாடி போல மின்னியது. விளிம்பில் பொறித்திருந்த அவருடைய படை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைத்தான் படிக்க முடியவில்லை. நம் நாட்டுப் பதக்கங்களில் பெறுபவரின் எண்ணும் பெயரும் பொறிக்கப்படுவது வழக்கம். அந்த மெல்லிய கீறல்கள்தான் அதை உங்கள் தந்தையின் பதக்கமாக்குகின்றன. புளியும் பீதாம்பரியும் பிராஸோவும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு படலத்தைத் தின்கின்றன. கறுத்திருப்பது பதக்கத்துக்குக் கெடுதல் இல்லை. ரிப்பனைத் துவைக்காதீர்கள், சாயம் ஓடும். புதிய ரிப்பன் வாங்கி மாற்றவும் வேண்டாம்.

பெட்டிக்குள் யார் யார் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். ரப்பர் முகமூடி பழசாகும்போது கந்தக ஆவியை விடும். கம்பளியும் சிறிதளவு விடும். கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். தோலோடு ஒட்டிக்கிடக்கும் பித்தளைப் பொத்தானில் பச்சை மெழுகு போல ஒன்று படரும். தோலில் உள்ள எண்ணெய்ப் பசையும் செம்பும் சேர்வதால் வருவது அது. ஆகவே முகமூடி தனிப் பெட்டியில், காற்றோட்டத்தோடு, உள்ளே கசக்கிய வெள்ளைத் தாள் வைத்து வடிவம் குலையாமல் இருக்கட்டும். பிசுபிசுப்பை எதைக்கொண்டும் துடைக்காதீர்கள். பதக்கங்களும் உலோகத் துண்டும் சமையலறைக்கு வாங்கும் காற்றுப் புகாத பாலிப்ரோப்பிலீன் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கலாம். சிலிக்கா ஜெல்லை உலோகத்துக்கு மட்டும் வையுங்கள். தோலும் காகிதமும் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வெடிக்கும்.

சீருடையில் அரிப்புத் துளையோ மணல் போன்ற எச்சமோ இருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது என்று பொருள். டிரை கிளீனிங்குக்கு அனுப்புவதைவிட ஃபிரீசர் நல்லது. சீருடையைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைப் பிரிக்காமல் விடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த துணியில் ஈரம் பூக்கும். பிறகு ஹேங்கரில் தொங்கவிடாமல், மடிப்புகளுக்குள் பழைய மல் வேட்டியைச் சுருட்டி வைத்துப் படுக்க வையுங்கள். அந்த வேட்டியில் கஞ்சி துளியும் இருக்கக் கூடாது. கஞ்சிப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. அந்துருண்டையும் கற்பூரமும் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளை அவை இளக்கிவிடும், உங்கள் மூச்சுக்கும் நல்லதல்ல. ஏட்டுச்சுவடிக் காலத்து வசம்பு பரவாயில்லை. வெள்ளைத் துணியில் முடிந்து, எந்தப் பொருளிலும் படாமல் பெட்டியின் மூலையில் வைக்கலாம்.

திசைகாட்டியைப் பற்றிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். அதன் முள்ளிலும் எண்களிலும் வெளிர் மஞ்சள் அல்லது பழுப்புப் பூச்சு இருந்தால் அது ரேடியம் கலந்த பூச்சாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்து விமானக் கருவிகளிலும் கைக்கடிகாரங்களிலும் இருட்டில் தெரிவதற்காக அதைப் பூசினார்கள். இப்போது ஒளிரவில்லை என்பதால் ஆபத்து தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒளி தருவது துத்தநாக சல்பைடு, அது சில பத்தாண்டுகளில் செத்துவிடும். அதைத் தூண்டிய ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். கண்ணாடி முழுசாக இருந்தால், திறக்காமல், துடைக்கக் கழற்றாமல், மூடிய பையில் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத, யாரும் படுத்துறங்காத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தால் போதும். கண்ணாடி விரிசல் விட்டுப் பூச்சு உதிர்ந்திருந்தால் தொடாமல், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதி வழி கேளுங்கள். அப்பாவின் கைக்கடிகாரம் எங்காவது இருந்தால் அதற்கும் இதே விதி.

கடைசியாக அந்தப் பவுடர் டப்பா. அதிலிருந்து எடுத்த துண்டின் அருகே ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கான்பராவின் மேல்தகடு அலுமினியக் கலவை, காந்தம் பிடிக்காது. சுடப்பட்ட குண்டின் சிதறல் பெரும்பாலும் எஃகு, பிடிக்கும். உங்கள் தந்தை எடுத்து வைத்தது விமானத்தின் சதையையா, அதைத் தைத்த முள்ளையா என்பது ஒரு நொடியில் ஓரளவு தெரிந்துவிடும். துருவைச் சுரண்டாதீர்கள். செய்தித்தாள் அமிலத்தன்மை உள்ளது, அதைத் துண்டோடு சேர்த்து வைப்பது நல்லதல்ல. ஆனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் தேதி இருக்கிறதா, எந்த ஊர்ப் பதிப்பு, என்ன மொழி என்று பாருங்கள். தேதி தெரிந்தால் லாக் புக்கில் அதற்கு முந்தைய வரிகளுக்குப் போங்கள். தாளைத் தனியே பாலியெஸ்டர் உறையில் இட்டு, டப்பாவுக்கும் துண்டுக்கும் தாளுக்கும் நோட்டில் ஒரே எண்ணைக் கொடுத்து அ, ஆ, இ என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றாதீர்கள். வீட்டிலேயே வெப்பம் கூடிய இடம் அதுதான். தரையிலும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தை நம் ஊர் மறந்திருக்காது. வெளிச்சுவரை ஒட்டாத ஓர் அறையில், தரையிலிருந்து இரண்டடி உயர மரப்பலகை மேல் இருக்கட்டும். சென்னைக் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டியே இருப்பதால் பூஞ்சை எப்போது வேண்டுமானாலும் வரும். திறந்து பார்க்கும் வேலையை ஐப்பசியில் வைத்துக்கொள்ளாமல் மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் இருக்கும் வெள்ளை எழுத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் யோசனை தம்பிக்கு வந்தால் அதையும் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் நியமன ஆணையையும் பாராட்டுக் கடிதங்களையும் லாமினேட் செய்துவிட்டால் தலைமுறைக்கும் இருக்கும் அல்லவா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இருக்காது. சூட்டில் உருகி ஒட்டும் அந்தப் படலத்தைப் பிறகு காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிப்பது ஏறத்தாழ முடியாத காரியம். காகிதத்தில் இருக்கும் அமிலமும் உள்ளேயே சிறைப்பட்டு அதைப் பழுப்பாக்கும். மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்த பாலியெஸ்டர் உறை போதும். கடைகளில் கிடைக்கும் பி.வி.சி. உறை வேண்டாம், புது மழைக்கோட்டு வாசனை வந்தால் அது பி.வி.சி. கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள்.

கேள்வி: என் தந்தை இரண்டாம் உலகப் போரில் வெஞ்ஜன்ஸ் விமானம் ஓட்டி, அரக்கான் பகுதியில் குண்டு வீசியவர். பர்மாவின் வரைபடம் அச்சிட்ட பட்டுத்துணி ஒன்றை அவர் வைத்திருந்தார். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி இருபது ஆண்டுகள் ஆகின்றன. பச்சை நிறம் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. நிறத்தை மீட்க வழி உண்டா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போன நிறம் திரும்பாது, இருப்பதையாவது காக்கலாம். இந்தக் கடிதத்தைப் படிக்கும்போதே சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள். கூடத்தின் சன்னல் வெளிச்சமே அதற்கு நோய். பட்டு, துணிகளிலேயே வெளிச்சத்துக்கு மிகவும் பயப்படுவது. நிறம் வெளுப்பதோடு நிற்காது, இழையே பொடியத் தொடங்கும்.

உங்கள் தந்தையின் தலைமுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்திய விமானப்படையின் 7, 8 ஆகிய படைப்பிரிவுகள் 1943 இறுதியிலிருந்து 1944 வரை பர்மா முனையில் ஓட்டிய வெஞ்ஜன்ஸ், செங்குத்தாகவே பாய்ந்து குண்டு வீசுவதற்கென்று இறக்கை பொருத்தப்பட்ட இரண்டு பேர் விமானம். அப்படிப் பாய்பவர் காட்டுக்குள் விழுந்துவிட்டால் நடந்தே திரும்ப வேண்டும். அதற்காகத்தான் அந்தத் துணி வரைபடம்: காகிதத்தைப் போல மழையில் கூழாகாது, மடித்தால் சரசரக்காது, சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளலாம். எல்லாம் பட்டும் அல்ல, ரேயானிலும் அச்சிட்டார்கள். எது என்று அறிய நூலைக் கொளுத்திப் பார்க்கும் வீட்டுச் சோதனையை மட்டும் செய்துவிடாதீர்கள்.

சட்டத்தைப் பிரிக்கும்போது துணி கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துவிட்டு, துணிப் பாதுகாப்பில் பயிற்சி உள்ளவரிடம் கொண்டுபோங்கள். ஒட்டவில்லை என்றால் துவைக்காமல், இஸ்திரி போடாமல், மெல்லிய வெள்ளைத் துணி சுற்றிய உருளையில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். சுவரில் முழு அளவு வண்ணப் பிரதியை மாட்டுங்கள். பிரதியில் பழைய மடிப்புக்கோடுகள் தெரியட்டும். அவை அவர் பையில் இருந்ததற்கான தடம். அவருடைய தொப்பிச் சின்னமோ பொத்தானோ கிடைத்தால் அதில் உள்ள எழுத்துகளைக் கவனியுங்கள். 1945 மார்ச்சில் இந்திய விமானப்படையின் பெயரோடு ‘ராயல்’ என்ற அடைமொழி சேர்ந்தது, 1950 ஜனவரி 26-இல் நீங்கியது. அந்த ஓர் எழுத்தே காலத்தைச் சொல்லிவிடும்.

கேள்வி: அப்பாவின் எழுதுமேசையில் காகிதம் பறக்காமலிருக்க நாற்பது ஆண்டுகளாக ஒரு பெரிய தோட்டா நிற்கிறது. விமானப் பீரங்கியுடையது என்பார். தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: கையை எடுங்கள் அம்மா. வெறும் பித்தளைக் கூடு மட்டும் என்றால், உட்புறம் காலியாகத் தெரியும். முனையோடு முழுதாக நிற்கிறது என்றால் அது உயிரோடு இருப்பதாகவே கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, கான்பராவின் வயிற்றுக்கடியில் பொருத்திய 20 மில்லிமீட்டர் பீரங்கியின் தோட்டாவில், சுடும் மருந்து மட்டுமல்லாமல் முனைக்குள்ளும் வெடிமருந்து இருக்கலாம். நாற்பது ஆண்டு அமைதியாக இருந்தது என்பது ஒரு சான்றிதழ் இல்லை. நகர்த்தாமல், அந்த அறையைப் பூட்டிவிட்டு, காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்களை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கும் நல்லெண்ணம் வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதால் ஒரு வழக்கறிஞரையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. தூரத்திலிருந்து ஒரு புகைப்படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மேசையும் அதன் மேல் தோட்டா நின்ற வட்டக் கறையும் உங்களிடமே இருக்கும்.

கேள்வி: நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணன் கனடாவில் இருக்கிறார். பதக்கங்கள் தமக்கு வேண்டும் என்கிறார். அக்காவுக்கு லாக் புக். எனக்குச் சீருடை. பிரித்துக்கொள்வதைவிட அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. உங்கள் கருத்து?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நகையைப் பிரிப்பது போல இதைப் பிரிக்க முடியாது. லாக் புக் இல்லாத பதக்கம் எங்கே எதற்காகக் கிடைத்தது என்று சொல்லாது. பதக்கம் இல்லாத லாக் புக் முடிவு தெரியாத கணக்கு. பதக்கமும் லாக் புக்கும் கடிதமும் ஒரே வீட்டில் இருக்கட்டும் என்பதே என் கருத்து. அண்ணனுக்குக் கையுறையோ தொப்பியோ, அவர் தொட்டுப் பார்க்க ஒன்று போகட்டும். பிரித்தே தீர வேண்டுமென்றால், முதலில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் படமெடுத்து, எண்ணிட்ட பட்டியல் தயாரித்து, மூவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றி அண்ணன் கவலைப்பட்டால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 ஆண்டு கடந்த பொருள்களையும், வரலாற்று மதிப்புடைய கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 ஆண்டு கடந்தவற்றையும் பற்றியது என்பதைச் சொல்லுங்கள். ‘இரகசியம்’ என்று முத்திரை குத்திய வரைபடமோ இலக்குப் படமோ காகிதங்களுக்குள் தென்பட்டால் அதைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் பகிராமல், விமானப்படைக்கு எழுதிக் கேளுங்கள். அலுவல் இரகசியச் சட்டம் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

அருங்காட்சியகம் என்பது நல்ல யோசனைதான், ஆனால் டிரங்கைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலில் போய் நிற்காதீர்கள். டெல்லியில் பாலம் என்ற பகுதியில் 1967 முதல் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது, சண்டிகரில் 2023-இல் விமானப்படை மரபு மையம் திறக்கப்பட்டது, பெங்களூரில் விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல். நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு கான்பராவையே காணலாம். எந்த இடமானாலும் பட்டியலையும் படங்களையும் முன்னதாக அனுப்பி, அவர்களுக்கு எது தேவை என்று கேளுங்கள். பத்துச் சீருடை ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குப் பதினொன்றாவது ஒரு சுமை. பெயரும் தேதியும் கதையும் சேர்ந்த ஓர் உலோகத் துண்டை அவர்கள் விரும்பக்கூடும். கொடுப்பதென்றால், நிரந்தரக் கொடையா கடனா, காட்சிக்கு வைக்காவிட்டால் குடும்பம் வந்து பார்க்கலாமா, வேண்டாமென்று முடிவெடுத்தால் திருப்பித் தருவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கொடுத்துவிட்டுப் பத்தாண்டு கழித்துத் தேடிப்போன ஒரு குடும்பத்துக்கு, அப்படி ஒரு பொருள் பதிவிலேயே இல்லை என்ற பதில் கிடைத்ததை நான் உடனிருந்து பார்த்திருக்கிறேன்.

பழுதுபார்க்கும் வேலைக்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு உண்டு. உலோகத்தைப் பற்றி அங்கே ஆலோசனை கேட்கலாம். காகிதத்துக்கு, தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகிப் பாருங்கள். போகும்போது பொருளை எடுத்துச் செல்லாமல், நல்ல வெளிச்சத்தில் எடுத்த நான்கு படங்களையும் உங்கள் நோட்டையும் மட்டும் கொண்டுபோங்கள்.